குறோசேப் பின்னல் பழகப் புகுவோர்க்கு

(சங்கத்தின் மாதர் பகுதியினர் தொடங்கிய கைப்பணி வகுப்பின் ஆரம்பக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)





குறோசேப் பின்னலைப்பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று மாதர் பகுதிக் காரியதரிசி கேட்டார். பின்னிக் காட்டு என்றால் அரைநாளும் காட்டலாம். பேசு என்றால் என்ன பேசுவது? அதற்கு அவர், "பின்னலைப்பற்றி வேண்டாம். ஆசையோடு ஊசியும் நூலும் வாங்கி, நாலாம் நாள் அவற்றை அலுமாரிக்குள் போட்டுவிடுகிறார்களே, அவர்களைப்பற்றிப் பேசுங்கள்" என்றார். அது பேசத்தக்க பொருள். பல்லாண்டுகளாகத் தையல் கற்பித்த என் அனுபவத்திலே, வகுப்புத் தொடங்கும் நாளில் இருபத்தைந்து பேர் இருந்தால் ஆறாம் வாரத்திலே பத்துப்பேர் இருப்பர். போனவர்கள் கைத்திறன் இல்லாதவர்கள் அல்லர். தங்கியவர்களெல்லாம் கெட்டிக்காரரும் அல்லர். பெரும்பாலும் வேற்றுமை ஒன்றே. தங்கியவர்களின் பக்கத்தில் யாரோ ஒருவர் இருந்தார். போனவர்களின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விரிவுரை.

முதலிலே பெயர். குறோசே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொளுக்கி என்பது அதன் பொருள். நம்மவர் அப்படியே வழங்கி வருவதால் நானும் அப்படியே சொல்லுகிறேன். கொளுக்கிப் பின்னல் என்று தமிழிலே சொல்ல விரும்புவோர் தாராளமாகச் சொல்லட்டும். பின்னல் அதனால் இறுகவும் மாட்டாது, தளரவும் மாட்டாது. றேந்தை என்னும் சொல்லோ நம் வீடுகளில் இன்னும் பழையது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களில் அது ஒன்று. தென்கரையிலே காலி, வெலிகம முதலிய ஊர்களில், பீரளு என்னும் சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, உருண்டைத் திண்டின்மேல் வைத்துப் பின்னுகின்ற றேந்தை ஒன்றுண்டு. அது வேறு, கொளுக்கியுள்ள ஓர் ஊசியினாலே நாம் பின்னுவது வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். ஆதலால் இதைச் சொல்லி வைத்தேன்.

நம் பாட்டிமார் இருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாற்செம்பை மூடுவதற்கு வலைபோன்ற வட்டமூடி ஒன்று இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி மணிகள் தொங்கும். அழகுக்கென்று நினைத்திருப்பீர்கள்; அழகுக்கு மாத்திரம் அன்று. மணியின் பாரத்தினாலே மூடி காற்றிற் பறவாது, ஈயும் உள்ளே புகாது. தலையணை உறையின் ஓரம், சாய்வு நாற்காலியின் தலைமாடு, வானொலிப் பெட்டியின் மேல்விரிப்பு, கைக்குழந்தையின் தொப்பி என்று வீடெங்கும் இப்பின்னல் கிடந்தது. இவற்றைப் பின்னியவர்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்தார்கள்? பெரும்பாலோர் எதையும் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்து மருமகள் பின்னினாள். அயல்வீட்டு அக்காவிடம் 'மாதிரி' என்று ஒரு துண்டை இரவல் வாங்கி, கண்ணியை எண்ணி எண்ணித் தங்கை பின்னினாள். அச்சிலே இது வந்த கதையும் அவ்வளவு பழையதன்று. ஒல்லாந்து நாட்டிலே 'பெனலொப்பே' என்னும் மாதர் சஞ்சிகையில் 1823ஆம் ஆண்டளவில் வந்த குறிப்புக்களே குறோசேக்கு அச்சிற் கிடைத்தவற்றுள் முந்தியவை என்பர். ஆகவே இதற்கு அச்சிலே ஏறக்குறைய இருநூறு வயது.

நிற்க. கைப்பணிகளுள் புதியவர்க்கு மிகவும் இரக்கம் காட்டுவது குறோசே என்பது என் எண்ணம். இரண்டு கம்பிகளாலே கம்பளிச்சட்டை பின்னுகிறார்களே, அதில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் கம்பியின்மேல் நிற்கும். கம்பி நழுவினால் நாற்பது கண்ணியும் நழுவும். சாதாரண குறோசேயிலோ எந்த நேரமும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அடுப்பிலே பால் பொங்கினால் வேலையை வைத்துவிட்டு ஓடலாம்; திரும்பி வந்து அந்த ஒரு கண்ணியை ஊசியில் மாட்டித் தொடரலாம். பிழை வந்தால் நூலைப் பிடித்து இழுத்தால் பின்னல் பிரியும், நூலுக்கு நட்டமில்லை. துணியைப் பிழையாக வெட்டினால் வெட்டினது வெட்டினதே. பனையோலையைப் பிழையாக மடித்தால் மடிப்பின் தழும்பு ஓலையிலே நிற்கும். நூல் மிகவும் பொறுமையுள்ளது.

இவ்வளவு இரக்கமுள்ள கைப்பணியை ஏன் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்? முதல் வாரத்தின் கொடுமையினால்தான்.

ஊசியை வலக்கையிலே பேனை பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம், கத்தி பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம், இரண்டும் சரி. இதுதான் முறை என்று அதிகாரம் பண்ணுவோரை நம்பாதீர்கள். கடினம் முழுவதும் இடக்கையில் இருக்கிறது. நூலைச் சுண்டுவிரலிலே சுற்றி, சுட்டுவிரலின் மேலாக ஓடவிட்டு, தளராமலும் இறுகாமலும் விட்டுக்கொடுக்கவேண்டும். அதே கையின் பெருவிரலும் நடுவிரலும் பின்னிய பகுதியைப் பிடித்திருக்கவேண்டும். புதியவர் பயத்தினாலே நூலை இறுக்குவார். இறுகிய சங்கிலிக்குள் ஊசியின் தலை புகாது. புகாவிட்டால் குத்திப் பலவந்தம் பண்ணுவார். நூல் புரி பிரியும், தோள் வலிக்கும். அடுத்தது என்ன? "எனக்கு இது வராது."

அந்த இடத்திலே பக்கத்திலிருப்பவர் ஒரு வார்த்தை சொன்னாற் போதும்: "அடிச்சங்கிலியை மாத்திரம் ஒருபடி பருமன் கூடிய ஊசியாலே பின்னு, அதன்பின் உன் ஊசிக்கு வா." இவ்வளவே மருந்து. புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் கஷ்டப்படுகின்றவளுக்குத் தன் கஷ்டம் எந்தப் பக்கத்திலே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாதே. தன் நோயின் பெயர் தெரியாதவன் வாகடத்தைப் புரட்டி என்ன பயன்?

இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் காணொளி பார்த்துப் பழகுவோர் பலர். அதை நான் இகழமாட்டேன். நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம். ஆசிரியைக்குக் கோபம் வருமோ என்ற பயமுமில்லை. நள்ளிரவிலும் கற்பிக்கும். ஆயினும் நீங்கள் அதன் கையைப் பார்க்கலாமேயன்றி, அது உங்கள் கையைப் பார்ப்பதில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் தன் முதல் துண்டைப் பின்னினாள். இருபது கண்ணியிலே தொடங்கியது. பத்து வரிசை கழித்துப் பார்த்தால் பதினொரு கண்ணிதான் மிஞ்சியிருந்தது. சதுரமாக வரவேண்டியது ஒருபக்கம் ஒடுங்கி ஆப்புப்போல வந்தது. புதியவர் பலருக்கும் இது வரும். வரிசையின் முடிவிலே கடைசிக் கண்ணி, திரும்பும் இடத்துச் சங்கிலிக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும்; அதைக் காணாமல் விட்டுத் திரும்பினால் வரிசைக்கு ஒன்றாகக் குறையும். அந்தத் துண்டை மூன்று பேர் பார்த்தனர். ஒருவர், "இதென்ன, ஆட்டுக்குட்டிக்குத் தொப்பியோ?" என்றார், எல்லோரும் சிரித்தனர். இன்னொருவர், "மிகவும் வடிவாயிருக்கிறது" என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் முதலாமவர் சொன்னபோது வாடியதைக் காட்டிலும் அதிகம் வாடியது. துண்டு கோணல் என்பது அவளுக்கே தெரியுமன்றோ? மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார். தம் சேலையிலே குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, வரிசையின் கடைசிக் கண்ணியிலே மாட்டினார். "இது தெரிகிறதோ? திரும்பமுன் இதற்குள்ளும் ஒருமுறை போட்டுவிட்டுத் திரும்பு. அடுத்த வரிசையில் ஊக்கை மேலே தூக்கி மாட்டு" என்றார். அடுத்த துண்டின் இரு கரையும் நேராக வந்தன.

நம் மொழியிலே ஊக்கும் ஊக்கமும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன, பார்த்தீர்களா? அந்த மூன்றாமவர் தேர்ந்த பின்னற்காரி அல்லர். இவளுக்கு மூன்று மாதம் முந்திப் பழகியவர். அதனாலேதான் அவருக்குத் தெரிந்தது. எனக்குக் கடைசிக் கண்ணி எங்கே ஒளிகிறது என்பது மறந்து பல காலமாயிற்று. என் விரல் தானாகப் போய்விடும். விரல் தானாகப் போகிறவர் விளக்கம் சொல்வது அரிது. முந்தாநாள் பழகியவரே நேற்றுப் பழகியவருக்குச் சிறந்த ஆசிரியை.

புகழ்ச்சியைப்பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலே முல்லர், துவெக் என்னும் இரு உளநூலறிஞர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்து, சிலரை 'நீ புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் புகழ்ந்தனர். பின்பு கடினமான புதிர்களில் எல்லோரும் இடறினர். இடறியபின் புத்திசாலி என்று புகழப்பட்டோர் அதிகம் துவண்டனர். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றோர் தொடர்ந்தனர். இவ்வகை முறைகளின் பலன் எவ்வளவு பெரிது என்பதிலே பின்னாளில் அறிஞரிடையே வாதம் எழுந்ததுண்டு. தையல் வகுப்பிலே நாள்தோறும் இருப்போர்க்கு அந்த வாதம் வேண்டியதில்லை. 'உனக்கு நல்ல கை' என்றால் மறுநாள் கை பிழைத்தபோது அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? 'நேற்று நூல் இறுக்கம், இன்று ஊசி இலேசாய்ப் போகிறது' என்பது உண்மை. அது மறுநாளைக்கும் உதவும்.

இடக்கை வழக்கமுள்ள பிள்ளைகள் இங்கே இருந்தால் பயப்படவேண்டாம். அவர்களை வலக்கைக்கு மாற்றுவதற்கென்று கையிலே தட்டிய காலம் ஒன்று இருந்தது. தையல் வகுப்பிலும் இருந்தது. இடக்கைக்காரி வலக்கைக்காரியின் பக்கத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் குழம்பும். எதிரே இருந்து பார்த்தால், கண்ணாடியிலே பார்ப்பதுபோல அவளுக்கு நேராகத் தெரியும். அதட்டலினாலே ஆகாதது ஆசனத்தை மாற்றிப் போடுவதினாலே ஆகும்.

இன்னுமொரு பொறி இருக்கிறது; அதில் விழுபவர் பலர். இங்கிலாந்துக்காரர் 'டபிள்' என்று சொல்வதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். இங்கிலாந்துக்காரரின் 'றெபிள்' அமெரிக்கருக்கு 'டபிள்'. ஊசியும் ஒன்று, நூலும் ஒன்று, பெயர் மாத்திரம் ஒருபடி தள்ளி நிற்கும். நம் பழைய வகுப்புக்களிலே இங்கிலாந்துப் பெயர்களே வழங்கின. இணையத்திலே வருகின்றவற்றிற் பல அமெரிக்க வழக்கு. பாட்டி சொன்ன டபிளையும் தொலைபேசி சொன்ன டபிளையும் கலந்து பின்னியவளின் துண்டு, குறிப்பிலுள்ள படத்தைப்போல ஒருநாளும் வராது. குற்றம் அவளிடத்தில் இல்லை. எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலிலே அது எந்த நாட்டு வழக்கு என்று பாருங்கள். 'சிங்கிள்' என்னும் சொல் இருந்தால் அது அமெரிக்க வழக்கென்று கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை சிறிய காரியங்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்த இடம் ஒன்றுண்டு. அது அயர்லாந்து.

அந்நாட்டின் ஏழைகள் பெரும்பாலும் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்தவர்கள். 1845இலே கிழங்குச் செடியைப் பூஞ்சண நோய் பற்றியது. அடுத்த ஆண்டும் பற்றியது. கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகிற்று. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி எண்பத்தொரு இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை, 1851இலே அறுபத்தைந்து இலட்சமளவுக்கு இறங்கிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம்பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர், மற்றையோர் கப்பலேறினர். அந்த ஆண்டுகளிலேதான் குறோசே அங்கே குடிசைகளுக்குள் புகுந்தது. தெற்கிலே கோர்க் நகரை அடுத்த பிளாக்றொக்கில் ஊர்சுலைன் கன்னியர் மடத்தவர் அதைக் கற்பித்தனர். வடக்கிலே குளோனிஸ் என்னும் ஊருக்கு 1847இல் குருவானவர் ஒருவரின் மனைவியாக வந்த கசாண்டிறா ஹான்ட் அம்மையார், ஊர்ப்பெண்கள் படும் பாட்டைக் கண்டு, கில்டேர்ப் பகுதியிலிருந்து பழகிய ஆசிரியை ஒருத்தியை வரவழைத்தார். கில்டேரிலே பழகிய பெண்கள் இவ்வாறு வேறு ஊர்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் குளோனிஸைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னிச் சம்பாதித்தனர். குறோசேப் புத்தகங்கள் பல எழுதிய ரியேகோ அம்மையாரின் முதல் நூல் வெளிவந்ததும் 1846இலேயே. ஆயினும் குடிசையிலே புத்தகம் வாங்கப் பணம் ஏது? வாசிக்கத் தெரிந்தோரும் குறைவு. கைக்குக் கை போயிற்று.

அந்த றேந்தை செய்யப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். முழுத்துணியாக ஒருவர் பின்னுவதில்லை. தடித்த நூற்கயிறு ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் றோசாப்பூ, இலை, மூவிலைப்புல், திராட்சைக்குலை என்று தனித்தனியே பின்னுவர். ஒருத்தி பூவிலே வல்லவள், மற்றவள் இலையிலே. ஒரு குடும்பத்தார் பின்னும் பூவை மற்றக் குடும்பத்தார்க்குக் காட்டாமல் வைத்திருந்ததாகவும் சொல்வர். இவற்றையெல்லாம் துணியிலே தலைகீழாக அடுக்கித் தைத்து, இடைவெளியை வலைப்பின்னலால் நிரப்புவது கைதேர்ந்தவர் வேலை. குளோனிஸ் முடிச்சு என்று இன்றும் உலகெங்கும் சொல்லப்படும் சிறு உருண்டை முடிச்சு அந்த வலையிலே வருவது. இந்த ஏற்பாட்டினாலே நேற்றுப் பழகிய சிறுமியும் ஓர் இலையேனும் பின்னலாம். அந்த இலை வீணாகாது. பெரிய றேந்தையிலே தன் இடத்தில் போய் இருக்கும். புதியவர்க்கு இதைவிடப் பெரிய உற்சாகம் உண்டோ? நம் வகுப்பிலும் முதல் மாதத்து வேலைகளைப் பெட்டிக்குள் போடாமல், சேர்த்து ஒரு விரிப்பாகத் தைக்கலாம் என்று மாதர் பகுதியாரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி இனிப்பதில்லை. ஆந்திர தேசத்திலே கோதாவரி கடலோடு சேரும் இடத்தில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிஷனாரிமார் அங்குள்ள ஏழைப் பெண்களுக்குக் குறோசே றேந்தை பழக்கினர். அது பெருகிப் பெருகி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயிற்று. மரியா மீஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் அங்கு சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? பெண்கள் நாளெல்லாம் பின்னுகின்றனர். ஆனால் அவர்களைத் தொழிலாளர் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. 'வீட்டுப்பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று சொல்லியே கூலி மிகவும் தாழ்த்தப்பட்டது. இலாபம் முகவருக்கும் ஏற்றுமதியாளருக்கும் போயிற்று. அங்கும் துண்டு துண்டாகவே பின்னினர்; ஆனால் துண்டு பின்னியவளுக்கு முழுப்பொருள் எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது தெரியாது. பூவும் இலையும் என்னும் அதே ஏற்பாடு ஓரிடத்தில் கைகொடுத்தது. மற்றோரிடத்தில் கண்ணைக் கட்டியது.

இதை ஏன் இங்கே சொல்லுகிறேன்? இவ்வகுப்பிற் சேருவோரிற் சிலர் பொழுதுபோக்குக்காக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். 2009இலே முடிந்த போர் நம் பகுதியிலே எத்தனையோ வீடுகளைப் பெண்ணின் உழைப்பை நம்பி நிற்கும் வீடுகளாக்கி விட்டுச் சென்றது. அவர்களுக்கு 'பின்னு, பின்னு' என்று சொல்லுவது மாத்திரம் ஊக்கம் ஆகாது. ஒரு சிறிய பொம்மை பின்ன ஆறேழு மணி நேரம் பிடிக்கும். அதைக் கையிலே எடுத்து, "நூல்தானே அக்கா, குறைத்துத் தாருங்கள்" என்று பேரம் பேசுகின்றவர் நூலின் விலையைக் கொடுக்க நினைக்கிறார். ஆறு மணி நேரத்தை இனாமாகக் கேட்கிறார். உண்மையான குறோசேயைப் பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளிலே இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களிலே முயன்றிருக்கின்றனர், சந்தைக்கு வரும் இயந்திரப் பின்னல் அதன் சாயலே. ஆகவே கடையிலே மிக மலிவாக ஒரு குறோசேச் சட்டை தொங்கினால், எங்கோ ஒரு பெண்ணின் கூலி குறைந்தது என்றே எண்ணவேண்டியிருக்கிறது. பழகும் நாளிலிருந்தே ஒவ்வொருவரும் தாம் பின்னிய நேரத்தை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். விலை சொல்ல வேண்டிய நாள் வரும்போது அந்தக் கொப்பி உங்கள் பக்கத்தில் நின்று பேசும்.

பாரமான பேச்சாகிவிட்டது. விநோதமான ஒன்றைச் சொல்லுகிறேன். கணிதம் படிக்கும் வாலிபர்கள் கொஞ்சம் முன்னே வரலாம்.

வட்டமான விரிப்புப் பின்னுவதற்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்து வழக்கின் டபிளிலே முதற் சுற்றில் ஆறு கண்ணி வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டவேண்டும். அப்போது வட்டம் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம்போலக் குவியும். தொப்பியும் பொம்மைத் தலையும் அப்படிப் பிறந்தவையே. அதிகமாகக் கூட்டினால் ஓரம் கோழிக்கொண்டைப் பூப்போலச் சுருண்டு நெளியும். புதியவர் இதைக் கண்டு அழுவார். ஐக்கிய அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலையிலே டைனா தைமினா என்னும் லாத்வியப் பேராசிரியை 1997இலே வேண்டுமென்றே அப்படிப் பின்னினார். யூக்கிளிட்டின் விதிகளுக்கு அடங்காத ஒரு தளம் உண்டென்று கணித அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்தனர். அதற்குக் கடதாசியிலே செய்த உருவங்கள் கையில் எடுத்தாற் கிழிந்தன. தைமினா முதலிலே இரு கம்பிப் பின்னலை முயன்றார். கண்ணிகள் பெருகிக் கம்பியிலே இடம் போதவில்லை. ஒரே கண்ணி நிற்கும் குறோசேக்கு மாறினார். ஒவ்வொரு குறித்த எண்ணிக்கைக்கும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போக, அந்தத் தளம் கையிலே பிடித்துப் பார்க்கும் பொருளாக வந்தது. இதைப்பற்றி 2009இல் அவர் எழுதிய நூலுக்கு 2012இலே கணித நூல்களுக்குரிய ஒயிலர் பரிசும் கிடைத்தது. தைமினா குறோசே பழகியது கணித வகுப்பிலே அன்று. லாத்வியாவிலே சிறுமியாய் இருந்தபோது. ஆகவே, உங்கள் விரிப்பு நெளிந்துபோனால் அருகிலிருப்பவர் சிரிக்கவேண்டாம். "எத்தனை கூட்டினாய்? எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

வாலிபர்களுக்கும் ஒரு சொல். இது பெண்கள் வேலை என்று நகைக்கிறீர்கள். கரையூரிலும் வல்வெட்டித்துறையிலும் வலை பின்னியவர்கள் ஆண்கள் அன்றோ? நூல், கண்ணி, முடிச்சு எல்லாம் அங்கும் உண்டு. வகுப்பிலே உங்களுக்கும் இடமிருக்கிறது. சேராவிட்டாலும் ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலே தங்கையோ மனைவியோ ஊசியோடு இருக்கும்போது, 'வேலையற்ற வேலை' என்று சொல்லாதிருங்கள். அவள் கண்ணி எண்ணும்போது இடையிலே தேநீர் கேட்காதிருந்தால் அதுவும் பேருதவி. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

வயது போய்விட்டது என்று பின்னே இருக்கும் அம்மாமாருக்கு: விக்ரோறியா மகாராணியார் தென்னாபிரிக்கப் போரிலே நின்ற வீரர்களுக்கென்று எட்டுக் கழுத்துச் சால்வைகளைத் தம் கையாலே குறோசேயாகப் பின்னினார். அவை 1900ஆம் ஆண்டிலே கொடுக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மகாராணிக்கு நூல் வாங்கப் பணமும் நேரமும் இருந்தன என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் கண்பார்வை நம்மைப்போலத்தான் மங்கியிருந்தது.

இனி வகுப்பு விஷயம். சனிக்கிழமைகளிலே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர்ப் பருமனுள்ள ஊசி ஒன்றும், ஓரளவு தடித்த, வெளிர்நிற நூற்பந்து ஒன்றும் கொண்டு வாருங்கள். பாட்டியின் மெல்லிய உருக்கு ஊசியும் நாற்பதாம் இலக்க நூலும் இருந்தால் பத்திரமாக வையுங்கள். நூலின் இலக்கம் ஏற ஏற இழை மெலியும், அவை ஆறு மாதம் கழித்து எடுக்கவேண்டியவை. கறுப்பு, கருநீலம் வேண்டாம். அவற்றிலே கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முன்னமே பின்னத் தெரிந்தவர்கள் தனி வாங்கிலே கூடி இருக்கக்கூடாது. தெரிந்தவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று மாறி மாறி இருத்தும்படி காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். இடக்கைக்காரர் முன்கூட்டிச் சொன்னால் எதிர்வாங்கிலே இடம் வைப்போம். மூக்குக்கண்ணாடி போடுவோர் அதை மறவாமல் எடுத்து வரவும். ஊக்குகள் இரண்டு டசின் நான் கொண்டு வருகிறேன்.